மனைவிக்கு ‘நெகட்டிவ்’ வந்துட்டா கணவருக்கு டெஸ்ட் வேண்டாமா? கர்ப்பகால எச்.ஐ.வி. பரிசோதனையில் பலர் கவனிக்காத விஷயம்

தென்காசி மாவட்டம் புளியங்குடியோ, சென்னையோ, கர்ப்பம் உறுதியானதும் பிக்மி பதிவு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று பெண்ணுக்கு வரிசையாக வேலை இருக்கும். அந்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் ஒன்று. கூட வந்த கணவர்? பல நேரம் வெளியே பைக் பக்கத்தில் நிற்பார். எலுமிச்சை மார்க்கெட், கேரளா லோடு என்று வேலை இருந்தால் அதுவும் இல்லை. அம்மாவோ மாமியாரோதான் துணை.

சரி, மனைவிக்குத்தான் டெஸ்ட் எடுத்தாச்சே, கணவருக்கு எதுக்கு?

மனைவியின் ரிசல்ட் கணவருக்கான ரிசல்ட் அல்ல. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருப்பது அபூர்வமான விஷயமில்லை. கணவருக்கு இருந்து, அது தெரியாமலே போனால், கர்ப்பத்தின் நடுவிலோ தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலோ மனைவிக்குத் தொற்றலாம். புதிதாகத் தொற்றும்போது ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் அப்போது கூடுகிறது. முதல் டெஸ்ட்தான் நெகட்டிவ் ஆச்சே என்று யாரும் மாத்திரையைத் தொடங்கியிருக்க மாட்டார்கள். சிக்கலே இங்கேதான்.

தொற்று தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உடனே, வாழ்நாள் முழுக்கக் கூட்டு மருந்து சிகிச்சை என்ற முறை இந்தியாவில் 2014-ல் வந்தது. பிறந்த குழந்தைக்குக் குறைந்தது 6 வாரம் மருந்து, 18 மாதம் வரை பரிசோதனை. இலங்கை 2019-லேயே தாய்-சேய் எச்.ஐ.வி. பரவலை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றுவிட்டது.

ஆனால் மாத்திரையைத் தினமும் போட வேண்டுமே! வீட்டில் முதலில் டெஸ்ட் எடுப்பவர் மனைவி என்பதாலேயே, ‘உன்னாலதான் வந்தது’ என்ற பழியும் அவர் தலையில் விழுகிறது. உண்மையில் யாருக்கு முதலில் தொற்றியது என்பதை அந்த டெஸ்ட் சொல்லவே சொல்லாது. பழிக்குப் பயந்து மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தால், விருந்தாளி வந்த நாளில் ஒரு வேளை தவறும். கணவருக்கும் விஷயம் தெரிந்து அவர் துணை நின்றால் ஒளிக்க வேண்டியதில்லை. அவருக்கும் தொற்று இருந்தால் அவரும் சிகிச்சையைத் தொடங்கலாம்.

கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். ரிசல்ட்டும் ரகசியம். துணைக்குச் சொல்ல மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. ஆனால், சொன்னால் அடிப்பார், கைவிட்டுவிடுவார் என்று பெண் அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் சொல்லக் கூடாது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். தம்பதியாகவே போகலாம், அன்றைக்கு லீவு கிடைக்காவிட்டால் கணவர் வேறொரு நாள் தனியாகவும் போகலாம். சந்தேகம் கேட்க இலவச எண்: 1097.