மாதிரிச் சரக்குப் பெட்டி அமைத்தல்

மாதிரிச் சரக்குப் பெட்டி அமைத்தல் என்பது தொடருந்துச் சரக்குப் பெட்டிகளைக் குறித்த விகிதத்தில் சிறிதாக்கிக் கைப்பட உருவாக்கும், அல்லது விலைக்கு வாங்கியவற்றைத் திருத்தியமைக்கும் பொழுதுபோக்கு ஆகும். பிரித்தானியாவில் இதற்குப் பெரிதும் பயன்படுவது ஓஓ அளவு ஆகும்.

அளவு

ஓஓ அளவில் 1 அடி 4 மி.மீ. ஆகச் சுருக்கப்படுகிறது. பிரித்தானிய 16 டன் நிலக்கரிப் பெட்டியின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 9 அடி. மாதிரியில் இது 36 மி.மீ. ஆகும். இவ்விகிதப்படி தண்டவாள இடைவெளி 18.83 மி.மீ. இருத்தல் வேண்டும். ஆனால் ஓஓ பாதையில் அது 16.5 மி.மீ. மட்டுமே. பிரித்தானிய இயந்திரங்கள் ஐரோப்பிய இயந்திரங்களிலும் சிறியவை. தொடக்ககால மின்னோடிகள் அவற்றின் மாதிரிகளுள் அடங்காமையால் உடற்பகுதி மட்டும் பெரிதாக்கப்பட்டது. 1:87 விகிதத்துக்குரிய எச்ஓ பாதை அப்படியே பயன்படுத்தப்பட்டது. ஆகவே பெட்டியின் அடியில் சக்கரங்கள் மிக நெருங்கித் தோன்றும். இதனை ஏற்காதோர் 18.2 மி.மீ. கொண்ட ஈஎம் அல்லது 18.83 மி.மீ. கொண்ட பி4 முறைக்கு மாறுகின்றனர். இதற்குச் சக்கரங்களுடன் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும்.

அமைக்கும் முறை

நெகிழிப் பாகங்கள் கரைப்பான் கொண்டும், பித்தளைப் பாகங்கள் பற்றாசு கொண்டும் இணைக்கப்படுகின்றன. சட்டம் சிறிது முறுக்கிக்கொண்டாலும் நான்கு சக்கரங்களுள் ஒன்று தண்டவாளத்தைத் தொடாது. பெட்டி தடம் புரளும். இதைத் தவிர்க்க, ஓர் அச்சு நிலையாகவும் மற்றது ஊசலாடும்படியும் பொருத்தப்படும். அச்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் வருமாறு பெட்டியினுள் எடை சேர்ப்பதும் வழக்கம். இறுதியாக வண்ணம் பூசி, துருவும் கரியும் படிந்த தோற்றம் தரப்படுகிறது.