ஸ்கோப்: பார்ப்பவனும் இலக்கும்

வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் குழாய்க்கு இன்று ஊரெங்கும் ‘ஸ்கோப்’ என்றுதான் பெயர். டெலஸ்கோப் என்ற சொல்லில் முன்பாதி உதிர்ந்து நின்ற மிச்சம். அந்தப் பெயர் 1611 ஏப்ரலில், ரோமில் கலிலியோவுக்கு நடந்த விருந்தில் பிறந்தது. சூட்டியவர் ஜியோவான்னி டெமிசியானி என்ற கிரேக்கர். ‘தொலைவு’, ‘பார்த்தல்’ இரண்டையும் சேர்த்தார்.

பார்த்தலைக் குறிக்கும் அந்த வேரில் கிளைத்த பழைய கிரேக்கச் சொல் ‘ஸ்கோபோஸ்’. அதற்குப் பொருள் இரண்டு: காவலிருந்து பார்ப்பவன்; வில்லாளி குறிவைக்கும் இலக்கு. தமிழருக்கு இதில் வியப்பில்லை. நோக்கு பார்வை, நோக்கம் எட்ட நினைப்பது. ஜெர்மன் வேட்டைக்காரரும் ஸ்கோப்புக்குள் தெரியும் குறியை ‘ஆப்சேஹன்’ என்கிறார்கள்; ‘பார்’ என்ற வினை அதற்குள் இருக்கிறது. உள்ளக்கருத்தைச் சொல்லும் ‘ஆப்சிக்ட்’ அதன் உறவுச்சொல்.

பார்ப்பவனையும் இலக்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. வெறும் துப்பாக்கியில் கண்ணருகே ஒரு வெட்டு, குழல் நுனியில் ஒரு முள், அப்பால் மான். மூன்று தூரத்தையும் கண் ஒருசேரத் தெளிவாகக் காணாது. ஸ்கோப்பில் மானின் பிம்பமும் குறியும் ஒரே குவியத்தளத்தில் விழுகின்றன. பெரிதாகக் காட்டுவதைவிட இதுவே பெரிய உதவி என்பேன்.

கலிலியோவின் குழாயில் இது நடக்காது. கண்பக்கம் குழிலென்ஸ், குழாய்க்குள் பிம்பம் விழுவதே இல்லை. இருபுறமும் குவிலென்ஸ் வைத்தால் விழும்; அந்த வழியைக் கெப்ளர் 1611-இல் எழுதினார். 1640-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கத்து வில்லியம் கேஸ்கோய்ன், அப்படிப்பட்ட தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை பளிச்சென்று தெரிவதைக் கண்டார். குறுக்கிழையின் கதை அங்கே தொடங்குகிறது. 1644-இல் அவர் மார்ஸ்டன் மூர் போரில் மாண்டார்.

வானியலாளர்கள் இழைகளைப் பின்னி நட்சத்திரங்களை அளந்தார்கள். அதனால் அதற்கு லத்தீன் வழியாக ‘ரெட்டிகிள்’, சிறுவலை, என்று பெயர். பிரிட்டிஷார் சொல்லும் ‘கிராட்டிகுல்’ சிறு கம்பித்தட்டு.

துப்பாக்கிக்கு இந்தக் குழாய் வர இருநூறு ஆண்டுகள் பிடித்தன. 1840-களில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் மார்கன் ஜேம்ஸ் செய்த குழாய்கள் கிட்டத்தட்டத் துப்பாக்கிக் குழலளவு நீளம். கெப்ளர் அமைப்பு தலைகீழாகக் காட்டும். நிமிர்த்த நடுவில் வேறு லென்ஸ்கள் வேண்டும். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இரண்டு குவியத்தளங்கள் உண்டாகின்றன. இன்றைய ஸ்கோப்புகளுக்குள் உள்ள பெரும்பிரிவு இதிலிருந்து வந்ததே. முன்தளத்தில் குறியை வைத்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது குறியும் சேர்ந்து பருக்கும்; அதன் அளவுக்கோடுகள் எப்போதும் பொய்க்காது. பின்தளத்தில் வைத்தால் குறி மாறாது. கோடுகளோ ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி.

கடைப்பெட்டியில் 3-9x40 என்றிருந்தால் 3 முதல் 9 மடங்கு, முன்லென்ஸ் 40 மி.மீ. 40-ஐ 9-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4.4 மி.மீ. பகலுக்குப் போதும். நிலவொளியில் பரண்மேல் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் ஜெர்மானியர் 8x56 வாங்குவது இதனால்தான்: 7 மி.மீ., இருட்டில் விரிந்த கண்மணியின் அளவு. அவர்கள் விரும்பும் நான்காம் எண் குறியில் மூன்று தடித்த பட்டைகள் ஓரத்திலிருந்து உள்ளே நீளும். நடுவில் மெல்லிய கோடுகள். லியூபோல்ட் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த ‘டூப்ளெக்ஸ்’ நான்கு பக்கமும் தடித்தது.

புள்ளிகள் நிறைந்த ‘மில்’ வலை ராணுவத்திலிருந்து வந்தது. ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. புதருக்குள் 80 மீட்டரில் மானைத் தேடுபவருக்கு அத்தனை புள்ளியும் இரைச்சல்தான்; அவருக்கு டூப்ளெக்ஸே போதும்.