கையெழுத்தும் வாய்மொழியும்: ‘சூசரெய்ன்’ ஆட்டக்காரர்களின் மனக்குறையை எப்படி வாசிப்பது?

‘சூசரெய்ன்’ ஆடியவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அரசியல் சாசனத் திருத்தத்துக்காக ஆட்டம் முழுக்க உழைத்தோம், கடைசியில் வாக்கெடுப்பில் ஆட்டம் எங்களை ஏமாற்றிவிட்டது என்பதே அது. எழுத்துவழி அரசியல் ஆட்டங்களை ஆராய்ந்தவர்களிடையே இத்தகைய மனக்குறைக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. ஆட்டக்காரருக்குத் தோல்வி செரிப்பதில்லை என்பது ஒன்று. தரப்படும் தெரிவுகள் வெறும் பாவனை, முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அதை ஆட்டக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டு விளக்கங்களும் குறையைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொண்டு, அது ஆட்டத்தின் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று தேடினால் வேறொன்று கிடைக்கிறது.

பெர்லினைச் சேர்ந்த டார்பர் கேம்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டம் 2020 டிசம்பரில் வெளியானது. கதை 1954இல் தொடங்குகிறது. சோர்ட்லாந்து என்னும் கற்பனைக் குடியரசின் நான்காவது அதிபராகப் பொறுப்பேற்கும் ஆன்டன் ரெய்ன்தான் ஆட்டக்காரர். பொருளாதாரம் படுத்துக் கிடக்கிறது. நீண்ட காலம் நாட்டை ஆண்ட டார்க்வின் சோலின் நிழல் சாசனத்தின் மீதும் நீதிமன்றத்தின் மீதும் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 4 லட்சம் சொற்கள் கொண்ட பிரதி இது. துப்பாக்கியும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. படிக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சர்ச்சைக்குரிய அந்த வாக்கெடுப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். திருத்த வரைவை அதிபர் தம் நீதி அமைச்சர் நியா மோர்க்னாவுடன் சேர்ந்து உருவாக்குகிறார். வரைவு பேரவைக்குப் போகிறது. ஆளுங்கட்சியே ஒரு கட்சியாக நிற்பதில்லை. பழமைவாத அணி குளோரியா டோரியின் கையில். சீர்திருத்த அணி ஆல்பின் கிளாவினின் பின்னால். எதிர்வரிசையில் ஃப்ரென்ஸ் ரிக்டர் கூடுதல் ஜனநாயகம் கேட்கிறார், கெசாரோ கிபெனர் தேசியவாதத்தை முழங்குகிறார். இந்த நால்வரில் யார் பக்கம் சாய்ந்தாலும் இன்னொருவர் விலகுவார். பேரவையைத் தாண்டினாலும் உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்று வரைவை முறித்துப்போடலாம். அங்கே நீதிபதியாக ஓர்சோ ஹாக்கர் இருக்கிறார்.

ஆட்டக்காரர் தோற்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் கணக்கு அந்த நாளில் போடப்படுவதில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த ஆட்டத்தில் முடிவெடுக்கும் தருணங்கள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று காகிதம். மசோதாவோ ஆணையோ மேசைக்கு வருகிறது; அதற்கென ஒரு பக்கம் திரையில் விரிகிறது; ஒப்பமிடலாம், அல்லது நிராகரிக்கலாம். அந்தக் கணத்தில் ஆட்டக்காரருக்குத் தாம் ஆட்சி செய்வதாக ஐயமற்றுத் தெரிகிறது. மற்றொன்று பேச்சு. ஒரு விருந்தில், ஒரு காரில், ஒரு சந்திப்பின் கடைசி நிமிடத்தில் எதிரில் இருப்பவர் ஏதோ கேட்கிறார். கீழே இரண்டு மூன்று பதில்கள் வரிசையாக நிற்கின்றன. மரியாதைக்காக ஒரு பதில், எரிச்சலில் ஒரு பதில், பார்க்கலாம் என்று நழுவும் ஒரு பதில். ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு ஆட்டக்காரர் நகர்ந்துவிடுகிறார். திரையில் எந்த முத்திரையும் விழவில்லை. நினைவிலும் விழவில்லை.

வாக்கெடுப்பு நாளில் எண்ணப்படுபவற்றில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. காகித முடிவுகள் சிலரைப் பகைக்கும், சிலரை அணைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் டோரி மனத்தில் குறித்துவைத்திருப்பதும் ரிக்டர் நம்பிக்கை இழப்பதும் அந்தச் சில்லறைப் பேச்சுகளில் கணிசமாகத் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே ‘எல்லாம் சரியாகத்தானே செய்தேன்’ என்று ஆட்டக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தாம் கையெழுத்திட்டவற்றை மட்டும் அவர் செயலாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். தாம் பேசியவை செயலென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கிருந்து பார்த்தால் அந்த மனக்குறை துல்லியமான ஒரு விமர்சனமாகிறது. தோற்றேன் என்று அழும் குறையாக அது நின்றுவிடவில்லை. எப்போது முடிவெடுத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை என்கிறது அது. அரசியல் சூழ்ச்சி என்பதன் உள்ளியக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே. ஆட்டத்தைத் திட்டியவர்கள் அதைப் புகழ்ந்தவர்களைவிட நெருக்கமாகப் படித்திருக்கிறார்கள் என்று கொள்வதற்கு இடமுண்டு. இந்தக் கட்டுரை அப்படியே கொள்கிறது.

முடிவு முன்பே எழுதப்பட்டது என்னும் விளக்கத்தை நெடிது மறுக்க வேண்டியதில்லை. அதே திருத்தத்தை நிறைவேற்றிவிட்டு வெளியேறும் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். இது வெறும் வடிவமைப்புப் பிசகு, தகவல் திரையில் தெரிந்திருந்தால் குறையே எழுந்திருக்காது என்று சொல்வோரும் உண்டு. தகவலைத் திரையில் காட்டுவது இந்த நிறுவனத்துக்குத் தெரியாத வித்தையல்ல. 2024இல் வந்த ‘கிங்டம் ஆஃப் ரிசியா’ என்னும் விரிவாக்கத்தில் மன்னர் ரோமஸ் டோராஸின் அதிகாரமும் கருவூலமும் செலவாகும் வளங்களாகக் கண்முன்னே நிற்கின்றன. காட்டத் தெரிந்தவர்கள் சோர்ட்லாந்தில் காட்டவில்லை என்றால் அதை விருப்பத்தெரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிற ஆட்டங்களை அருகில் வைத்தால் இந்தத் தெரிவின் தனித்தன்மை துலங்குகிறது. 1988இல் வந்த ‘ஹிடன் அஜெண்டா’ சிமெரிகா என்னும் கற்பனை மத்திய அமெரிக்க நாட்டில், சர்வாதிகாரி வீழ்ந்த பிறகு நடப்பது. சொமோசாவுக்குப் பிந்தைய நிகரகுவாவை அதில் காணாதவர் அரிது. அங்கே அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள் சொல்லும் யோசனையை ஏற்பதும் பளிச்சென்ற முடிவுகள்; பதவிக்காலம் முடிந்ததும் வரலாறு தீர்ப்பு எழுதுகிறது. 1999இன் ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ ஆட்டத்தில் குலத்தின் எழுவர் அவை ஆளுக்கொன்று சொல்லும். அறிவுரை தவறாக இருக்கலாம், ஆனால் முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது என்பதில் குழப்பமில்லை. 2016இன் ‘ரெயின்ஸ்’ இன்னும் நேரடியானது. அட்டையை இடமோ வலமோ தள்ள வேண்டும். ஆட்சியைத் தாங்கும் தூண்களில் எது ஆடும் என்பதை மேலே ஒரு புள்ளி சொல்லிவிடும், ஏறுமா இறங்குமா என்பதை மட்டும் மறைத்துக்கொள்ளும். இம்மூன்றும் விளைவை மறைக்கின்றன. ‘சூசரெய்ன்’ முடிவெடுக்கும் தருணத்தையே மறைக்கிறது. இரண்டும் வேறு வேறு மறைப்புகள். இவற்றை ஒரே தலைப்பில் அடைத்ததுதான் முந்தைய ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கல் என்று தோன்றுகிறது.

சேமிப்பு வசதி பற்றிய குறையும் இத்துடன் சேர்கிறது. வெளியானபோது ஆட்டம் தானாகவே சேமித்துக்கொண்டது. விரும்பிய இடத்தில் நிறுத்திச் சேமித்து, பின்னர் அங்கேயே திரும்ப வழியில்லை. இதை வசதிக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்கும் ஆட்டக்காரர் எங்கே போவார்? எந்த வாக்கியத்தில் டோரியை இழந்தோம் என்று தெரியாதவருக்குச் சேமித்த இடம் எதுவும் உதவாது. முதலிலிருந்து மறுபடி ஆடுவதுதான் அவருக்கு மிஞ்சும் வழி. அப்படி ஆடும்போது அவர் பேச்சுகளை வேறு விதமாகப் படிக்கிறார்; ஒவ்வொரு பதிலுக்கும் முன் தயங்குகிறார்.

இதனால் இன்னொரு விளைவும் நேர்கிறது. முதல் முறை ஆடியவரின் கருத்தும் மூன்றாம் முறை ஆடியவரின் கருத்தும் ஒரே ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. முதலாமவர் தாம் நம்பியதையும் நம்பிக் கெட்டதையும் பேசுகிறார். மற்றவர் எந்தப் பதில் யாரை நகர்த்தும் என்னும் நுட்பத்தைப் பேசுகிறார். இந்த ஆட்டத்தில் தெரிவுகளுக்கு மதிப்புண்டா இல்லையா என்று ஆட்டக்காரர்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்பதாகக் காணப்படுவது, இவ்விரு நிலைகளையும் ஒரே குவியலில் போட்டு எண்ணியதால் வந்த தோற்றமாக இருக்கக்கூடும். ஒரே ஆள் இரண்டு முகாமிலும் வெவ்வேறு மாதங்களில் இருந்திருக்க முடியும்.

சோர்ட்லாந்தில் துருக்கியைக் காணும் வாசிப்பும் பரவலாக உண்டு. குடியரசை வார்த்தெடுத்த பலம்வாய்ந்த தலைவர், அவர் விட்டுச்சென்ற நிறுவனங்கள், நாட்டின் ஒரு பகுதியில் வாழும் பிளட் சிறுபான்மையினர் என ஒப்புமைகள் இருக்கத்தான் செய்கின்றன. அந்தச் சாவியோடு வருபவர் டோரியின் அணி எதைக் காக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்துவிடுவார் என எதிர்பார்க்கலாம். ஆனால் ஊகம் வேறு, விருந்தில் வாய்தவறாமல் இருப்பது வேறு. நாட்டின் வரலாற்றை அறிந்தவரையும் அதே வாக்கெடுப்பு வீழ்த்த முடியும்.

இங்கே முன்வைத்த வாசிப்புக்கு எல்லைகள் உண்டு. கருத்தை எழுதிவைப்பவர்கள் ஆடியவர்கள் எல்லோரும் அல்லர். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் குரலே ஆய்வாளர் செவிக்கு எட்டுகிறது. பாதியில் விட்டுப்போனவர்களின் மௌனத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு இன்னும் முறை உருவாகவில்லை. ஆட்டத்தின் நெடிய பெயர்ப் பட்டியலும், சொடுக்கினால் விரியும் கலைக்களஞ்சியக் குறிப்புகளும் சிலரைத் தொடக்கத்திலேயே களைப்படையச் செய்திருக்கும். ஆயினும் அடுத்து வரும் ஆய்வுகள் ஒன்றைச் செய்யலாம்: ஆட்டக்காரரின் கருத்தைத் தொகுக்கும்போது அவர் எத்தனையாவது முறை ஆடினார் என்பதையும், தாம் எடுத்த முடிவுகளாக எவற்றை நினைவுகூர்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பதியலாம். அந்தப் பட்டியலில் கையெழுத்துகள் மட்டும் இருந்து பேச்சுகள் இல்லாவிட்டால் இங்குச் சொன்ன வாதம் நிற்கும். பேச்சுகளும் சம அளவில் இருந்தால், ஏமாற்றம் பற்றிய குறைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.