திசைகாட்டிக்கு இடம் தேர்தல்: கப்பல்களில் ஒரு வரலாறு

கப்பலின் காந்தத் திசைகாட்டி அருகிலுள்ள இரும்பால் பாதிக்கப்பட்டுத் தவறான திசையைக் காட்டுவது 'விலகல்' எனப்படும். எனவே கருவியை எங்கே பொருத்துவது என்பது அதன் தரத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

மரக்கப்பல் காலம்

1801-ல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட மேத்யூ ஃபிளின்டர்ஸ், கப்பலின் முகப்பு திரும்பும் திசைக்கேற்ப அளவீடு மாறுவதைக் கவனித்தார். கப்பலிலுள்ள இரும்பே காரணம் என்று 1805-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். திசைகாட்டியின் அருகே செங்குத்தாக நிறுத்தப்படும் திருத்த இரும்புத்தண்டு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

இரும்புக்கப்பல்களும் விபத்தும்

கப்பலின் உடலே இரும்பானபோது சிக்கல் பெரிதாயிற்று. 1838-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி, 'ரெயின்போ' என்ற இரும்பு நீராவிக் கப்பலில் ஆய்வு செய்து, காந்தங்களாலும் தேனிரும்பாலும் விலகலைச் சரிசெய்யும் முறையை உருவாக்கினார்.

1854 சனவரியில், லிவர்பூலிலிருந்து மெல்பர்னுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய 'டெய்லர்' என்ற இரும்புக்கப்பல், இரண்டே நாளில் டப்ளின் அருகிலுள்ள லாம்பே தீவில் மோதியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். கப்பலின் திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டியிருந்தன.

கடலில் அலைகளின் அடிபட்டுக் கப்பலின் காந்தத்தன்மையே மாறிவிடும். ஆகவே துறைமுகத்தில் செய்த திருத்தம் நிலைக்காது என வில்லியம் ஸ்கோர்ஸ்பி வாதிட்டார். இரும்புக்கு எட்டாத உயரத்தில், பாய்மரத்தில் ஒரு திசைகாட்டியை வைத்து ஒப்பிட வேண்டும் என்பது அவர் தீர்வு. இதைச் சோதிக்க 1856-ல் 'ராயல் சார்ட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியா சென்று வந்தார். ஆனால் உயரத்தில் ஆட்டம் அதிகம். ஏறிச்சென்று பார்ப்பதும் கடினம்.

1876-ல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) காப்புரிமை பெற்ற திசைகாட்டித் தாங்கியில், திருத்தக் காந்தங்களும் இரும்புக் கோளங்களும் கருவியுடனேயே அமைந்தன. பயணத்தின்போதே திருத்தத்தை மாற்றியமைப்பது இதனால் எளிதாயிற்று.

மின்னணு உணரி

20-ஆம் நூற்றாண்டில் வந்த ஃபிளக்ஸ்கேட் உணரி, காந்தப்புலத்தை மின்குறிப்பாக மாற்றுகிறது. உணரி ஓரிடத்திலும் காட்சித்திரை வேறிடத்திலும் இருக்கலாம் என்பதால், மாலுமியின் கண்ணுக்கு எதிரே கருவி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியது.

எனினும் பழைய விதிகள் மாறவில்லை. இழைக்கண்ணாடிப் படகில், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், தாழ்வாக உணரியைப் பொருத்துவர். எஞ்சின், மின்கலம், ஒலிபெருக்கி, நேர்மின்னோட்டக் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். எஃகுப் படகிலோ உடலின் காந்தத்திலிருந்து தப்ப மேலே வைக்க நேரிடும். அப்போது ஆட்டம் கூடும். ஸ்கோர்ஸ்பி எதிர்கொண்ட அதே இக்கட்டு இது.

பொருத்தியபின் படகை மெதுவாக வட்டமிடச் செய்து, விலகலை உணரியே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும்படி செய்வர். ஆயினும் பின்னர் யாரேனும் அருகே இரும்புக் கருவிப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், அந்தத் திருத்தம் பயனற்றுப் போகும்.