டாக்டர் மெக்கென்னா கோப்பை

டாக்டர் மெக்கென்னா கோப்பை என்பது அயர்லாந்தின் அல்ஸ்டர் மாகாணக் கவுன்ட்டி அணிகள் முழுப் பருவம் தொடங்கும் முன் மோதும் கேலிக் கால்பந்துத் தொடர். கோப்பையை வழங்கிய கிளாகர் மறைமாவட்ட ஆயர் பேட்ரிக் மெக்கென்னாவின் பெயரைத் தாங்கியுள்ளது. முதல் தொடர் 1925-இல் நடந்தது.

கேலிக் கால்பந்தில் அணிக்கு 15 பேர்; பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். பந்து வலைக்குள் சென்றால் 3 புள்ளிகள்.

அல்ஸ்டரின் ஒன்பது கவுன்ட்டிகளில் ஆறு வட அயர்லாந்திலும், டானிகால், கேவன், மொனஹன் ஆகிய மூன்று அயர்லாந்துக் குடியரசிலும் உள்ளன. எல்லைக்கோடு இத்தொடரைப் பிரிப்பதில்லை. பல ஆண்டுகள் பல்கலைக்கழக அணிகளும் இதில் ஆடின.

ஜனவரிக் குளிரில், நனைந்த மைதானங்களில் நடக்கும் இத்தொடர் தேசிய லீகுக்கான ஒத்திகை. பயிற்சியாளர்கள் புதுமுகங்களைச் சோதிப்பது இங்கேதான். ஆனாலும் டிரோன் கவுன்ட்டி அணி இதை வெறும் ஒத்திகையாகக் கருதியதில்லை எனலாம்: 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது.

அதே டிரோனுக்கு 2004-ஆம் ஆண்டுக் கோப்பை ஆறாத நினைவு. அதைப் பெற்ற அணித்தலைவர் கார்மாக் மெக்கனாலன் சில நாள்களிலேயே, மார்ச் 2 அன்று, 24 வயதில் இதயக் கோளாறால் காலமானார். தலைவராக அவர் உயர்த்திய கோப்பை என்பதால் டிரோன் மக்களுக்கு அது பெரிய பட்டங்களுக்கு இணையானது.

கொரோனா பரவலால் 2021-இல் தொடர் நடக்கவில்லை. வீரர்களின் பணிச்சுமையைக் கருதி, 2025-இல் எல்லா மாகாணங்களிலும் பருவமுன் தொடர்கள் கைவிடப்பட்டன.