ஜப்பான்காரர் வரைஞ்ச சஞ்சீவி மலை

எங்க ஐயங்கார்குளத்துல சஞ்சீவிராயர் கோயில் இருக்கு. அனுமார் மலையைத் தூக்கிட்டுப் போறப்ப இங்க கொஞ்சம் இளைப்பாறினார்னு பெரியவங்க சொல்வாங்க. அதனாலயோ என்னமோ, அந்தக் காட்சி எந்தப் படத்துல வந்தாலும் விடமாட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்சதை எடுத்தவர் ஒரு ஜப்பான்காரர்!

யூகோ சாகோ. 1983-ல பி.பி.லால் செய்த அகழாய்வு பத்தி ஆவணப்படம் எடுத்தப்பதான் அவருக்கு ராமாயணம் அறிமுகம். அப்புறம் ஜப்பானிய மொழியில பத்து ராமாயணம் படிச்சுத் தள்ளிட்டார். ராமர் கடவுள், அவரை நடிகரை வச்சுக் காட்டுறதைவிட வரைஞ்சு காட்டுறதே சரின்னு அவர் நினைப்பு.

வெளிநாட்டுக்காரர் ராமாயணத்தைத் தொடலாமான்னு இங்க எதிர்ப்பு. அயோத்திப் பிரச்சினை வேற. வேலை பெரும்பாலும் ஜப்பான்லயே நடந்துச்சு. வேட்டி எப்படிக் கட்டுறது, பெரியவங்ககிட்ட எப்படி ஆசி வாங்குறதுன்னு ராம் மோகன் மாதிரி நம்மாளுங்க சொல்லிக்கொடுத்தாங்க. சுமார் ஒரு லட்சம் படம், அத்தனையும் கையால! மலையோட கனமும் பறக்கிற வேகமும் கோட்டுலயே தெரியும்.

1993 ஜனவரியில டெல்லி திரைப்பட விழாவுல காட்டினாங்க. அப்புறம் ஒரு தலைமுறை டிவியிலதான் பார்த்துச்சு. 2025 ஜனவரி 24-ல தமிழ் பேசிக்கிட்டு தியேட்டருக்கு வந்தப்ப, பார்க்க சாகோ இல்லை. 2012-லயே போயிட்டார்.

தொடலாமான்னு கேட்டோம். அனுமாரும் அந்த மலைக்குச் சொந்தக்காரர் இல்லீங்களே, சுமந்து வந்தவர்தானே?