‘ஓ’ என்று பதில் சொல்வது யார்?
(‘ஓ ரங்கசாயி’: மூன்று பாட்டும் ஒரு நாயனமும்)

1

மேற்கத்திய சங்கீத விமர்சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே பியானோ சொனாட்டாவை நாலு மேதைகள் வாசித்த இசைத்தட்டுகளை வரிசையாக வைத்துக் கேட்பார்கள். யார் எங்கே நிறுத்தினார், யார் எங்கே ஓடினார் என்று கணக்குப் பார்ப்பார்கள். பெத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் 1932-க்கும் 1935-க்கும் இடையில் லண்டனில் முதன்முதலாக முழுசாகப் பதிவு செய்தவர் ஆர்தர் ஷ்னாபெல். 1956-ல் கனடாக்காரர் கிளென் கூல்ட் கடைசி மூன்று சொனாட்டாக்களைத் தன் இஷ்டத்துக்கு வாசித்து வெளியிட்டபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சண்டைக்கெல்லாம் மத்தியஸ்தம் செய்ய அச்சடித்த ஸ்வரத்தாள் ஒன்று மேசைமேல் இருந்தது. அதை மீறினாரா, மதித்தாரா என்பதுதான் வழக்கு.

நம் மேசைமேல் அப்படி எந்தத் தாளும் இல்லை. தியாகராஜர் (1767-1847) பாடினார், சீடர்கள் கேட்டார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று வழிகள் பிரிந்தன. ஏட்டில் எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆனால் கச்சேரிக்கு வந்து சேர்ந்தது ஏடு அல்ல, பாடாந்தரம். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சங்கதியைக் கூட்டியது, ஒன்றைக் கழற்றியது. அப்படியானால் மூலப் பிரதி எது? பார்த்தும் ‘ஆசிரியனின் மரண’மும் இங்கே பேசப்படுவதற்கு ரொம்ப முன்னாடியே, நம்ம பாட்டு வாத்தியார்கள் ஆசிரியனை நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பிரதியை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் இன்னொரு வசதி. ‘வாசிப்பு’ என்றால் படிப்பதும்தான், வாத்தியத்தை இசைப்பதும்தான். கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு படிநிலையும் தெரியும். பாடகர் ‘பாடுகிறார்’. நாயனக்காரர்தான் ‘வாசிக்கிறார்’. பாட்டை வாசிப்பவர் என்று நம் மொழி யாருக்குப் பேர் கொடுத்ததோ அவரை விட்டுவிட்டுத்தான் பாட்டின் வாசிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

சீரங்கத்தைப் பற்றித் தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகளை ஸ்ரீரங்க பஞ்சரத்னம் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். தோடி, ஆரபி, சாரங்கா, தேவகாந்தாரி, காம்போதி என்று ஐந்து ராகங்கள். காம்போதியில் அமைந்தது ‘ஓ ரங்கசாயி’. கச்சேரியில் நடுநாயகமாக வைத்து ஆலாபனை, நிரவல், ஸ்வரம் எல்லாம் போட்டு அதிகம் பாடப்படுவதும் அதுதான்.

பாட்டின் பொருள் சின்னது. நான் கூப்பிட்டால் நீ ‘ஓ’ என்று குரல் கொடுத்தபடி வரக்கூடாதா என்று பள்ளுகொண்டவனிடம் கேட்கிறது. சிவனுக்கே உன்னால்தான் கைலாசம் வாய்த்தது என்று சொல்லிப் பார்க்கிறது. இந்த ஊரையே பூலோக வைகுண்டம் என்று நினைத்து, சீதேவியோடு உன் சுகத்தில் நீ மயங்கிக் கிடந்தால் என் கஷ்டம் எப்போது தீரும் என்று மல்லுக்கு நிற்கிறது. பொறாமை பிடித்த சனங்கள் நடுவே தவிக்கிறவனின் முறையீடு.

கவனிக்க வேண்டியது அந்த ‘ஓ’. கூப்பிடும் விளியும் அதே எழுத்து, எதிர்பார்க்கும் பதிலும் அதே எழுத்து. துறையூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் ரெட்டியார் வீடுகள் உண்டு. பழைய ஜமீனும் ரெட்டியார் ஜமீன்தான். ஆனால் இந்த ‘ஓ’வைப் புரிந்துகொள்ளத் தெலுங்கு வேண்டியதில்லை. வயக்காட்டு வரப்பில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ‘ஓ...’ என்று நீட்டிக்கொண்டு வரும் பதில் எங்களுக்கெல்லாம் தெரியும். அது சோடிக்குச் சோடி சொல்கிற பதில். மிராசுதார் கூப்பிட்டால் பண்ணையாள் ‘ஓ’ சொல்ல முடியாது. ‘சாமி’ என்று சொல்லிவிட்டு ஓடவேண்டும். கூப்பிடும் உரிமை ஒரு பக்கம், ஓடிவரும் கடமை மறுபக்கம். இந்தப் பாட்டு அதைத் தலைகீழாக்குகிறது. படுத்திருக்கிற எசமானனை எழுந்து ‘ஓ’ சொல்லி ஓடிவரச் சொல்கிறது. பக்தி என்று பேர் வைத்து இதை மழுக்கிவிட்டோம்.

ஆக, இந்தக் கிருதியைப் பாடுகிற எவரும் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். கூப்பிடுகிறவன் யார்? எந்த இடத்தில் நின்று கூப்பிடுகிறான்?

3

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாட்டில் இடம் சந்நிதி. சுருதியில் துளி விலகல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்தது போல இருக்கும். விளியின் ‘ஓ’வில் ஏக்கம், பதிலின் ‘ஓ’வில் நம்பிக்கை. ரங்கன் வந்துவிடுவான் என்று கேட்கிற நமக்கே தோன்றிவிடும். அதுதான் அதன் பலம். எனக்கு அதுவே உறுத்தலும்கூட. தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் அவர். 1968-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண். கோயிலில் ரங்கனையோ சொக்கனையோ பேர் சொல்லிக் கூப்பிடும் உரிமை தொழிலாகவே இருந்த பெண்களின் வாரிசு. 1947-ல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஒழிந்தது நல்லது. ஆனால் அந்தப் பெண்களின் சங்கீதம் சபாவுக்குள் நுழைய, உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு இறைஞ்சலை மட்டும் உடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எம்.எஸ்.ஸின் ‘ஓ’வில் இறைஞ்சல் பூரணமாக இருக்கிறது. வழக்காடல் குறைவு.

ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (1910-1965) காம்போதி வேறு ரகம். ஆங்கில இலக்கியம் படித்தவர், சினிமாவில் நடித்தவர். பிருகாக்கள் சரமாரியாக விழும். மேல் ஸ்தாயியில் ஏறி நின்றால் இறங்க மனசு வராது. கூப்பிடுகிறவன் இங்கே கெஞ்சவில்லை, ‘வருகிறாயா இல்லையா’ என்று கேட்கிறான். ஒரு நவீன தனிமனிதனின் தன்னம்பிக்கை அது. இந்தப் பிருகா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சங்கீதக்காரர்கள் தயங்காமல் சொல்வார்கள்: நாயனத்திலிருந்து, குறிப்பாகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடமிருந்து. சொல்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

செம்மங்குடி சீனிவாசய்யருக்கு (1908-2003) வழுவழுப்பான சாரீரம் கிடையாது. மூக்கொலி கலந்த, முண்டிக்கொண்டு வரும் குரல். அவர் பலம் நிரவல். ரங்கன் சுகத்தில் மயங்கிக் கிடப்பதைச் சொல்லும் சரண வரியை எடுத்துக்கொண்டு, அதே சொற்களைத் தாளத்தின் அதே வட்டத்துக்குள் மாற்றி மாற்றி வைப்பார். கீழ் ஸ்தாயியில் ஒரு தரம் குத்திக் காட்டுவது மாதிரி. பஞ்சமத்தில் நின்று ஒரு தரம் நியாயம் கேட்பது மாதிரி. என் காதுக்கு இந்த மூன்றில் பாட்டின் சண்டையைச் சண்டையாகவே வைத்திருப்பது இவர்தான். அந்தச் சிரமப்படும் குரலே அர்த்தமாகிவிடுகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியவனின் குரல்.

மூன்று பேரும் மேதைகள். மூன்றும் சபா மேடையில் உருவான வாசிப்புகள். மைக், டிக்கெட், இரண்டரை மூணு மணி நேரம் என்ற வரம்புக்குள் வளர்ந்தவை. இவை நம்மிடம் வந்து சேர்ந்தது வானொலியாலும் இசைத்தட்டாலும் காசெட்டாலும். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் வந்தது. எங்கள் பக்கத்துச் சனங்கள் பலர் காம்போதியைப் பஞ்சாயத்து ரேடியோவில்தான் பேர் தெரிந்து கேட்டார்கள். பேர் தெரியாமல் அதற்கு முந்தியே கேட்டிருந்தார்கள், தேர் வீதியில்.

4

காம்போதியின் உருவம் வீதியில் வளர்ந்தது. ஏறும்போது நிஷாதத்தைத் தாண்டிப் போகும், இறங்கும்போது தொட்டுக்கொள்ளும். ஒரு பிடியில் மட்டும் அந்நியமான காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும். இந்த ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கக் கச்சேரியில் அவகாசம் ஏது? சாமி புறப்பாட்டில் இருந்தது. மல்லாரியில் கிளம்பி, வீதி மூலைக்கு மூலை நின்று, விடியும்வரை ஒரே ராகத்தை வாசிக்கும் நேரம் நாயனக்காரருக்கு இருந்தது. கேட்பவர்களுக்கு டிக்கெட் இல்லை. கோயிலுக்குள் போக முடியாதவர்களுக்கும் அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939-ல் தொடங்கி 1947-ல்தான் முழு உருவம் பெற்றது. அதுவரை உள்ளே இருந்த சங்கீதம் வெளியே வந்த ஒரே வழி அந்த மரக்குழல். வீதியிலும் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மனுசனை நிறுத்தி வைத்தார்கள். சத்தத்தை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

நாயனத்தில் ‘ஓ ரங்கசாயி’ வாசித்தால் என்ன ஆகும்? சொல் உதிர்ந்துவிடும். சாகித்யம் தெரிந்த வித்வான் துத்துகாரத்தில் எழுத்துக்களை வெட்டிக் காட்டுவார். தெரிந்தவர்களுக்குச் சொல் கேட்கும், தெரியாதவர்களுக்குக் கூப்பாடு மட்டும் கேட்கும். தெலுங்கா தமிழா என்ற கேள்வியே அங்கே எழாது. தமிழிசை இயக்கம் (சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-ல் தொடங்கியது) பாடகரின் வாயிலிருக்கும் மொழியைக் கேள்வி கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதுவும் பாட்டுக்கச்சேரியை மையமாக வைத்தே கேட்டது. யார் உட்கார்ந்து வாசிக்கலாம், யார் நின்றுகொண்டே வாசிக்கவேண்டும் என்பது பின்னால் நின்றுவிட்டது.

கணக்கைப் பாருங்கள். மியூசிக் அகாதமி 1928-ல் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி கிடைத்தது 1956-ல், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. அதே வருசம் டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டம் இல்லாமலே செத்துப்போனார்.  1998-ல் ஷேக் சின்ன மௌலானா. பாட்டுக்காரர்கள் ராகத்தை எங்கே கற்றார்களோ அந்த இடத்துக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

5

ஷேக் சின்ன மௌலானா (1924-1999) ஆந்திராவின் கரவதி கிராமத்துக்காரர். தஞ்சாவூர் பாணியைத் தேடி வந்து நாச்சியார்கோயில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டு சீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். அங்கே நாதஸ்வரப் பள்ளி நடத்தினார். ரங்கன் ஊரில் ஒரு இஸ்லாமியர் தினமும் சீவாளியை நனைத்து ராகம் வாசித்தார் என்பதை நம் பத்திரிகைகள் ‘மத நல்லிணக்கம்’ என்ற ஒரு வார்த்தையில் மடித்து வைத்துவிடுகின்றன. அது அதைவிடப் பெரிய விஷயம். கூப்பிடுகிறவன் யார் என்ற கேள்விக்குச் சபா யோசித்தே பார்க்காத பதில் அது.

சீரங்கத்துக்கு இது புதிதுமல்ல. உறையூர்க்காரர், பாணர் குலம், கையில் யாழ். காவிரிக்கரையில் தன்னை மறந்து நின்றவரை விலகச் சொல்லி லோகசாரங்கர் கல்லெறிந்தார் என்றும், கடைசியில் ரங்கன் ஆணையால் அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. திருப்பாணாழ்வார் பத்துப் பாசுரத்தோடு ரங்கனில் கலந்துவிட்டாராம். கோயில் அவர் சொற்களை வைத்துக்கொண்டது. அவர் யாழ் என்ன ஆயிற்று என்று எந்தக் கதையும் பேசவில்லை. சொல்லைச் சேர்த்துக்கொண்டு வாத்தியத்தை வாசலில் விடும் வழக்கம் அவ்வளவு பழசு.

எம்.எஸ்., ஜி.என்.பி., செம்மங்குடி பாட்டுகளை ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஒப்பிடுவோம். ஆனால் சங்கதிக் கணக்கோடு நிறுத்தினால் அது ரசிகர் மன்ற வேலை. ஒவ்வொரு ‘ஓ’வும் எந்தப் படியில் நின்று கூப்பிடுகிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் அது வரலாறு. அந்த வரலாற்றுக்கு இசைத்தட்டு அலமாரி போதாது. வீதியில் நின்று கேட்ட காதுகளையும், ஒலிப்பதிவு இல்லாமலே போய்விட்ட நாயனக்காரர்களின் குடும்பங்களையும் தேடிப் போகவேண்டும். துறையூர், முசிறி, லால்குடி என்று ஊர் ஊராக அவர்கள் இருக்கிறார்கள். சிலர் இன்னும் கல்யாணத்தில் வாசித்து வயிற்றைக் கழுவுகிறார்கள்.

ரங்கன் ‘ஓ’ சொல்வது அவன் இஷ்டம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாம் சொல்லவேண்டிய ‘ஓ’ ஒன்று பாக்கி இருக்கிறது.